பத்துப் படி தேக்சாவும் அளவுக் கூண்டும்

பெருமாள்மலையில் பழனி ரோடு பிரிகிற இடத்தில் முன்பெல்லாம் ஒரு டீக்கடையும் ஒரு குப்பைத் தொட்டியும் இருந்தன. இப்போதும் டீக்கடை இருக்கிறது. குப்பைத் தொட்டி இருந்த இடத்தில் மலைப் பயணச் சுமை மெட்ரிக் நெறிப்படுத்தல் மையம் வந்திருக்கிறது. குப்பையை எங்கே போடுவது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

இந்த நாட்டுக்குக் கிலோவும் மீட்டரும் வந்தபோது பிறந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்து, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருந்தாலும் மலைக்காரர்கள் பஸ் ஏறும்போது தங்கள் சுமையைக் கிலோவில் நினைப்பதில்லை என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். பூண்டு என்றால் கட்டு, காரட் என்றால் மூட்டை, பேரிக்காய் என்றால் கூடை. மற்றதெல்லாம் "ரெண்டு பை, ஒரு சாக்கு". இப்படி அளவே தெரியாமல் ஜனங்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தால் நாடு என்ன ஆவது? அந்தக் கவலையில் பிறந்ததுதான் மையம்.

விதி எளிமையானது. பயணி ஒருவரின் சுமை ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம், நாற்பது அகலம், இருபத்தைந்து உயரம், பத்துக் கிலோ எடைக்குள் இருக்க வேண்டும். விமானத்தில் கைப்பைக்கு இப்படி ஏதோ அளவு இருக்கிறதாம், அங்கிருந்து எடுத்தது. மலை பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று திறப்பு விழாவில் ஒரு நிருபர் கேட்டார். "ரெண்டுலயும் காது அடைக்கும்" என்றார் மைய இயக்குநர் மயில்சாமி. நிருபருக்கும் வரும்போது காது அடைத்திருந்ததால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஹபீப் இந்த மையத்தில் மாட்டிய கதையைத்தான் சொல்ல வந்தேன். கொடைக்கானல் பஜாரில் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிறவன். யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாதவன். தைலம் போலி என்று சண்டைக்கு வருகிறவர்களிடம்கூட, "மோந்து பாருங்கண்ணே" என்று பணிவாகச் சொல்கிறவன்.

அன்று அவன் தங்கை மஹீராவுக்குப் பழனியில் ஒரு மஹாலில் நிக்காஹ். வீட்டார் எல்லோரும் முந்தின நாளே வேன் வைத்துக் கீழே போய்விட்டார்கள். ஹபீப் மட்டும் தேக்சாவுக்காகப் பின்தங்கினான். அவர்கள் பள்ளிவாசல் மஹல்லாவுக்குச் சொந்தமான பெரிய செம்புப் பிரியாணிப் பாத்திரம் அது. மஹல்லாப் பெண் ஒருத்திக்கு எந்த ஊரில் நிக்காஹ் நடந்தாலும் அன்றைய பிரியாணி அதில்தான் வேக வேண்டும். வேறு பாத்திரத்தில் ஆக்கினால் நிக்காஹ் செல்லும், பேச்சு மட்டும் நிற்காது. நாயுடுபுரத்தில் ஒரு விருந்துக்குப் போயிருந்த தேக்சா அன்று காலையில்தான் கழுவித் துடைத்து அவன் கைக்கு வந்தது.

ஆக, ஹபீபுக்கு அன்று இரண்டு சோலி. தேக்சாவை மதியத்துக்குள் பழனியில் சேர்ப்பது ஒன்று. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, மௌத்தாகிப்போன அத்தாவுக்காகத் தகப்பன் இடத்தில் உட்கார்ந்து, "என் தங்கை மஹீராவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தருகிறேன்" என்று மாப்பிள்ளையிடம் ஒரு வாக்கியம் சொல்வது இன்னொன்று. அந்த வாக்கியத்தை ஒரு வாரமாகக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான்.

வெள்ளனே பழனி பஸ்ஸில் தேக்சாவை ஏற்றினான். கண்டக்டர் சக்திவேல், "என்ன பாய், யானைக்குட்டியக் கொண்டாந்துட்டீக" என்று முனகிக்கொண்டே கடைசி சீட்டை ஒட்டி இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பஸ் பெருமாள்மலை வந்ததும் மையத்தின் கயிறு குறுக்கே விழுந்தது.

எல்லோரும் சுமையோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். முதலில் உறுதிமொழி. வலது கையைத் தத்தம் பை மேல் வைத்து, "கிராம், கிலோகிராம், சென்டிமீட்டர், மீட்டர், லிட்டர் தவிர வேறெந்த அளவிலும் என் சுமையைச் சுமக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். பை இல்லாதவர்கள் பக்கத்திலிருப்பவர் பை மேல் கை வைக்கலாம். அதனால் அங்கே அடிக்கடி திருட்டுப் புகார் வரும்.

ஹபீபுக்கு முன்னால் மேல்மலையிலிருந்து வந்த பிச்சையம்மாள் நின்றார். பழனியில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்குப் பூண்டு கொண்டுபோகிறார். தாளோடு பிடுங்கி, தாளையே முடைந்து கட்டி, பாதிக் கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கச் சாக்கில் வைத்திருந்தார். அளவை உதவியாளர் கோகுல்ராஜ் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இளைஞன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"எவ்வளவும்மா?"

"ஒரு கட்டு."

"கட்டுன்னு ஒரு அளவு கெடையாதும்மா."

"கெடையாதா? இந்தாக் கெடக்குல்ல, கண்ணு முன்னாடி."

மையத்தின் உயிர் அளவுக் கூண்டில் இருக்கிறது. சொன்ன அளவுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் கம்பியில் அடித்த பெட்டிக் கூண்டு. அதற்குள் அடங்குகிற சுமை பஸ்ஸில் போகும், அடங்காதது போகாது. பூண்டுத் தாள் கூண்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. தாளை வெட்டச் சொன்னார்கள். தாள்தான் கட்டே என்று பிச்சையம்மாள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வெட்டியதும் பூண்டெல்லாம் விடுபட்டு, ரோட்டின் சரிவில் உருண்டு ஓடிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கையில் வெறும் சாக்கு மிஞ்சியது. சுமை விதிக்குள் வந்துவிட்டதாகக் கோகுல்ராஜ் பதிந்துகொண்டான்.

அடுத்தது ஹபீப்.

"இது என்னண்ணே?"

"தேக்சா சார். பத்துப் படி தேக்சா."

கோகுல்ராஜ் பதறிப்போய் அவன் காதருகே வந்தான். "அண்ணே, அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க. உள்ள டைரக்டர் இருக்காரு."

"எந்த வார்த்தை? படியா?"

அதற்குள் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மயில்சாமி வெளியே வந்தார். கோட்டு, கழுத்துக்கு மப்ளர், சட்டைப் பையில் மூன்று அளவுகோல்கள்.

"படின்னு சொன்னது யாரு? நீங்களா? தம்பி, நான் இந்தப் பதவிக்கு வந்த அன்னைக்கே வீட்டுல இருந்த படி, உழக்கு, ஆழாக்கு எல்லாத்தையும் தூக்கித் தெருவுல எறிஞ்சவன். அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல சோறு ஒருநாள் குழையுது, ஒருநாள் வேகலை. என் சம்சாரம் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. ஆனா கொள்கை கொள்கைதான். ஜனங்களுக்குச் சுமை இருக்கலாம். நான் வேண்டாங்கல. அளக்காத சுமைதான் இருக்கக் கூடாது."

"சரிங்க சார். எனக்கு வெரசாப் போகணும். இன்னைக்கு என் தங்கச்சிக்கு நிக்காஹ். நான்தான் சார் நின்னு..."

"வாழ்த்துக்கள். பெருஞ்சுமை விலக்குல அனுப்பிரலாம். அளந்தாப் போதும்."

அளந்தால் போதும் என்ற வார்த்தையை ஹபீப் நம்பினான். அதற்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

முதலில் டேப்பை வைத்து நீளம். உருண்டையான பாத்திரத்துக்கு எது நீளம், எது அகலம் என்று கோகுல்ராஜ் குழம்பினான். இயக்குநர் பாத்திரத்தை இரண்டு முறை சுற்றி வந்து, "முன்பக்கம் எது?" என்றார். பாத்திரத்துக்கு முன்பக்கம் உண்டா என்று ஹபீப் அதுவரை யோசித்ததே இல்லை. மஹல்லாவின் பெயர் வெட்டியிருக்கிற இடத்தைக் காட்டினான். அதுவே முன்பக்கம் என்று முடிவானது. பின்பக்கம் முன்பக்கத்துக்கு நேர் எதிரே இருப்பதாகவும் உறுதி செய்யப்பட்டது. அதற்குள் டீக்கடையில் இரண்டாம் முறை பால் காய்ந்தது.

பிறகு எடை. மூடியோடு இருபத்திரண்டு கிலோ நானூறு கிராம். இது ஒன்றுதான் அன்று ஒரே தடவையில் முடிந்த காரியம்.

"உள்ளே என்ன இருக்கு?" என்றார் மயில்சாமி.

"ஒண்ணுமில்லைங்க."

"எத்தனை லிட்டர்?"

"எது சார்?"

"அந்த ஒண்ணுமில்லாதது. தம்பி, காலிப் பாத்திரம்னு உலகத்துல எதுவும் கெடையாது. நீங்க உள்ளே இத்தனை லிட்டர் வெற்றிடத்தை பஸ்ஸுல ஏத்திக் கொண்டுபோறீங்க. அது மத்தவங்க உட்கார வேண்டிய இடம். கொள்ளளவு தெரியணும்."

தண்ணீர் ஊற்றி அளப்பது என்று தீர்மானித்தார்கள். லிட்டர் பாட்டில் வேண்டும். ஆனால் மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. மையத்தில் லிட்டர் இருந்தது, அதை ஊற்றிக் காட்ட ஒரு பாத்திரம் இல்லை. கடைசியில் டீக்கடைக் கிளாஸ் ஒன்றை எடுத்து, இத்தனை கிளாஸ் ஒரு லிட்டர் என்று கணக்குப் போட்டு, கோகுல்ராஜ் கிளாஸ் கிளாஸாக ஊற்ற ஆரம்பித்தான். பாதியில் சக்திவேல் பொறுமை இழந்து விசில் ஊத, எண்ணிக்கை மறந்துபோனது. கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஊற்றினான். ஹபீப் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் டீக்கடைக்கும் கயிற்றுக்கும் நடந்துகொண்டே இருந்தான். போன் அடித்தது. அம்மா அமீருன்னிசா.

"எங்கப்பா வர்ற? சமையல் பண்டாரி அடுப்ப மூட்டிப்போட்டு உக்காந்துருக்காரு."

"பெருமாள்மலையில நிக்கிறேன்மா. தண்ணி ஊத்துறாக."

"என்னாத்துக்குத் தண்ணி? கறிய இன்னும் போடலையே!"

தேக்சா நிரம்பியதும் மயில்சாமி அதை மறுபடி எடை போடச் சொன்னார். நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. விதிகள் அறியாமல் ஒரு குடிமகன் இவ்வளவு பெரிய சுமையைக் கொண்டுவந்ததைப் பற்றி அவர் வருத்தம் தெரிவித்தார். தண்ணீரைக் கொட்டினால் பழைய எடை வந்துவிடும் என்று ஹபீப் சொன்னான். அது உண்மைதானா என்று கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது கூண்டு மட்டும். விலக்குப் பெற்ற சுமையானாலும் ஒரு தடவை கூண்டுக்குக் காட்டியாக வேண்டும், சம்பிரதாயம். தேக்சா கூண்டுக்குள் போகாது என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கோகுல்ராஜுக்கு ஹபீபைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல மனசுக்காரன், அதனால்தான் இவ்வளவும் நடந்தது. "சார், சுமையும் கூண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கணும்னுதான விதி? தேக்சா கூண்டுக்குள்ள அடங்கலைன்னா என்ன, கூண்டு தேக்சாவுக்குள்ள அடங்கும்ல?" என்றான்.

மயில்சாமி கண்ணை மூடி யோசித்தார். அவருடைய பதவிக்காலத்தில் இப்படியொரு கருத்து வந்ததில்லை. தலையை அசைத்தார். கோகுல்ராஜ் கூண்டைச் செங்குத்தாகத் தூக்கி, தேக்சாவின் கழுத்து வழியாக உள்ளே இறக்கினான். வழவழவென்று இறங்கி, வயிற்றுப் பக்கம் போனதும் டங்கென்று சாய்ந்து படுத்தது.

"அடங்கிருச்சு!" என்று கைதட்டினார் இயக்குநர். வரிசையில் நின்றவர்களும் கைதட்டினார்கள். ஹபீபும் தட்டினான்.

பிறகு கூண்டை வெளியே எடுக்கப் பார்த்தார்கள்.

வரவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள், டீ மாஸ்டர் வந்து எண்ணெய் விட்டுப் பார்த்தார். மூலைக்கொன்றாகத் தேக்சாவின் வயிற்றில் குத்திக்கொண்டு கூண்டு அசையாமல் கிடந்தது. இதற்குள் பின்னால் இன்னும் பஸ்கள் வந்து சேர்ந்து, ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கூண்டு இல்லாமல் ஒரு பையைக்கூட அளக்க முடியாது. அளக்காமல் ஒரு பஸ்ஸும் போக முடியாது.

"கூண்டு கம்பிய அறுத்துருங்க சார்" என்றார் சக்திவேல்.

மயில்சாமியின் முகம் வெளிறியது. "அறுக்கிறதா? இந்த மலையில ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்னா எவ்வளவுங்கிறதுக்கு ஒரே சாட்சி இந்தக் கூண்டு. இதை அறுத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வச்சுக்குவான். தேக்சாவை அறுங்க."

"சார், உங்க கையிலதான் டேப் இருக்குல்ல" என்றான் ஹபீப்.

"டேப் வளையும் தம்பி. வளையறதை நம்பி நிர்வாகம் நடத்த முடியாது."

உள்ளேயிருந்து ரம்பத்தை எடுத்துவந்தார்கள். ஹபீப் தேக்சாவைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மஹல்லாவில் எத்தனையோ பெண்களின் நிக்காஹ் சோறு வெந்த பாத்திரம். அதை ரெண்டாக அறுத்துவிட்டு ஊரில் யார் முகத்தில் விழிப்பது? "அறுக்கணும்னா என்னையும் சேத்து அறுங்க" என்றான். ஆயுசில் முதல் தடவை அவன் குரல் உயர்ந்தது. அவனுக்கே அந்தக் குரல் யாருடையதோ போலிருந்தது.

"ஏலே, அந்தாள விடுங்கலே!" என்று பிச்சையம்மாளும் சத்தம் போட்டார். வரிசையிலிருந்து ஆட்கள் முன்னால் வர ஆரம்பித்ததும் மயில்சாமிக்கு ஒரு தீர்வு தோன்றியது. அதிகாரிகளுக்குத் தீர்வுகள் அப்படித்தான் தோன்றும்.

அரசு அளவுக் கருவி எதற்குள் இருக்கிறதோ அது கருவியின் உறை. ஆகவே தேக்சா இனி சுமை அல்ல, உறை. உறைக்கு எடை வரம்பு கிடையாது. கூண்டைப் பக்குவமாக எடுக்கப் பழனியில் மையத்தின் கிளை இருக்கிறது. மைய ஜீப்பிலேயே கொண்டுபோகலாம். கூண்டு தனியாகப் பயணம் செய்யக் கூடாது என்பதால் இயக்குநரும் கூடப் போவார்.

நான்கு பேர் தேக்சாவைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். மேலே பச்சைத் துணி போர்த்தினார்கள். ஹபீபும் பின்னால் ஏறப் போனான்.

"நீங்க எங்க ஏறுறீங்க?"

"என் தேக்சா சார்."

"இப்ப அது உறை தம்பி. நீங்க கருவியும் இல்ல, உறையும் இல்ல. கவலப்படாதீங்க, முதல்ல உங்க மஹாலுக்கு வந்து உங்காளுக கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் கிளைக்குப் போவேன். பொறுப்பு என்னோடது."

விளக்கு சுழல, ஜீப் பழனி ரோட்டில் இறங்கி வளைவில் மறைந்தது.

தேக்சா போனால் சரி, பின்னாலேயே அடுத்து வரும் லாரியிலாவது தொற்றிக்கொள்ளலாம் என்று ஹபீப் கயிற்றை நோக்கி ஓடினான். கோகுல்ராஜ் கையை நீட்டி மறித்தான்.

"அண்ணே, உள்ள வரும்போது உங்க பேருல இருபத்திரண்டு கிலோ நானூறு ஏறியிருக்கு. இப்ப வெறுங்கையோட போறீங்க. வர்ற எடையும் போற எடையும் ஒண்ணா இருக்கணும்ணே. இல்லைன்னா கம்ப்யூட்டர் பழனி கிளைக்கு மெசேஜ் அனுப்பிரும். அங்க தேக்சாவப் பிடிச்சு வச்சுருவாங்க."

"அந்த எடைதான இப்ப ஜீப்புல போகுது?"

"அது உறையாப் போகுது. சுமை இன்னும் உள்ளேதான் இருக்குன்னு சிஸ்டம் சொல்லுது. நான் என்னண்ணே பண்ண?"

"கயித்தத் தாண்டிப் போய்யா, என்ன சுட்டுருவானுகளா?" என்றார் பிச்சையம்மாள். ஹபீப் காலைத் தூக்கினான். தேக்சாவைப் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன ஆவது என்ற நினைப்பு வந்ததும் இறக்கினான். இதுவே உங்களையும் என்னையும் ஆள்கிற பயம், கயிறெல்லாம் சும்மா பேருக்கு.

பிச்சையம்மாள் தன் வெறும் சாக்கைக் கொடுத்தார். ஹபீப் ரோட்டோரமாகக் கற்களைப் பொறுக்கினான். சாக்கைத் தூக்கிவந்து தராசில் வைத்தால் கொஞ்சம் கூடுதல். ஒன்றை எடுத்தால் குறைவு. கைக்கு அடக்கமான கல் தேடிக் காட்டுக்குள் போனான், வந்தான், மறுபடி போனான். பனிமூட்டம் இறங்கிச் சாக்கு நனைந்ததில் இருபது கிராம் ஏறியது. ஒரு சரளையை எடுத்துப் போட்டான். ஒரு வழியாக எடை சரியாக நின்றபோது அவனுக்கே ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டான்.

"எடை ஓகேண்ணே" என்றான் கோகுல்ராஜ். "இனி அளவு பாக்கணும்."

"பாருங்க தம்பி. வெரசாப் பாருங்க."

"கூண்டு வரணுமேண்ணே."

ஹபீப் கல் சாக்கின் மேலேயே உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை, எழுந்தான். அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். "எங்கப்பா?" என்பதைத் தவிர அந்தப் பக்கம் வேறு கேள்வியில்லை, "இந்தா வந்துட்டேன்மா" என்பதைத் தவிர இந்தப் பக்கம் வேறு பதிலுமில்லை. பிறகு போனில் சார்ஜ் தீர்ந்தது. பஸ்கள் ரோட்டோரம் ஊர்வலம் போல நின்றன. சிலர் சுமையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே மலைக்குத் திரும்பினார்கள். எந்தெந்த ஊரிலோ எத்தனையோ காரியங்கள் இவர்களுக்காகக் காத்திருந்திருக்கும். பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. ஹபீப் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைக்கும்போது கோகுல்ராஜின் போன் அடித்தது. இயக்குநர். அவர் எதையோ மென்றுகொண்டே பேசுவது வெளியே வரை கேட்டது.

"கூண்டு பழுதாயிருச்சுப்பா. அப்பவே சொல்லணும்னு இருந்தேன், சோலியில மறந்துட்டேன். புதுசு வர்ற வரைக்கும் எல்லாரையும் கண்ணளவுல பாத்து விடு."

"கண்ணளவா?" என்றார் பிச்சையம்மாள். "அதத்தானய்யா நாங்க இம்புட்டு நாளும் பாத்துக்கிட்டு இருந்தோம்."

கயிறு அவிழ்ந்தது. ஹபீப் கல் சாக்கோடு பஸ்ஸில் ஏறினான். சக்திவேல் அதை வெளியே தள்ளச் சொன்னார். "வேணாம்ணே, கணக்கு தப்பிருச்சுன்னா தேக்சாவப் பிடிச்சுக்குவாக" என்று மடியில் வைத்துக்கொண்டான். சவரிக்காடு தாண்டி, வளைவு வளைவாக இறங்கும்போதெல்லாம் கல் தொடையை அழுத்தியது. வாய்க்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். இன்னும் காத்திருப்பார்கள் என்று நினைத்தான். தங்கை நிக்காஹ்தானே, அண்ணன் வராமல் எப்படி நடக்கும்?

மஹால் வாசலில் அவன் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பந்தி முடிந்து மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் தேக்சா அடுப்பிலிருந்து இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், நாலாய் அறுக்கப்பட்ட அளவுக் கூண்டு கிடந்தது.

மதியமே அறுத்துவிட்டார்களாம். ஜீப் வந்து நின்றபோது பண்டாரி ஒரு சின்னச் சட்டியில் நெய் விட்டுப் பட்டை கிராம்பு தாளித்துக்கொண்டிருந்தார். வாசனை ஜீப்புக்குள் வந்தது. கூண்டு வெளியே வராவிட்டால் பிரியாணி இல்லை என்று பண்டாரி சொன்ன மறு நிமிஷம் இயக்குநரே ரம்பம் கேட்டு வாங்கிக் கொடுத்தாராம். அதன் பிறகு கிளைக்கு அவர் போகவே இல்லை. அஸருக்கு முன்பே பந்தி போட்டு, பெரிய அதிகாரி என்று முதல் சஹன் தட்டை அவருக்குத்தான் வைத்தார்கள்.

இப்போது காலியான பந்தியில் அவர் மட்டும் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஹபீபைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க தம்பி! பாத்தீங்களா, உங்க தேக்சா ஒரு கீறல் இல்லாம நேரத்துக்கு வந்து சேந்துருச்சு. நம்ம மையத்துக்கு வந்த சுமை இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தவறிப் போனதில்ல. ஆளுக முன்னப்பின்ன வருவாங்க. அது நம்ம பொறுப்புல இல்ல."

"கூண்ட அறுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்."

"உயிர் காக்கிற அவசரத்துக்கு விதியில தளர்வு உண்டு தம்பி. காலையிலேர்ந்து நான் எதுவுமே சாப்பிடல பாருங்க."

ஹபீப் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே திரும்பினான். பெண்கள் பகுதிக் கதவருகே அம்மா வந்து நின்றார். அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"முடிஞ்சிருச்சுப்பா. அஸருக்கு அப்பறமும் ரொம்ப நேரம் ஒக்காந்து பாத்தாக. ஒன் போனு போகல. வண்டி உருண்டுருச்சோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. மாப்பிள வீட்டுல பொழுது போகுதுன்னாக. அப்பறம் ஒங்க சித்தப்பாவ ஒக்கார வச்சோம்."

மஹீரா அம்மாவின் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். தலையில் பூ கனத்தது. "சாப்டியாண்ணே?" என்றாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். "சித்தப்பாவுக்கு நாக்குத் தடுமாறிருச்சுண்ணே. என் பேரையே மறந்துட்டாரு. நிக்காஹ் ஓதின ஹஜ்ரத்துதான் எடுத்துக் கொடுத்தாரு" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் மறந்திருக்க மாட்டேன்" என்றான் ஹபீப். சாக்கு இன்னும் தோளிலேயே இருந்தது.

"அதுல என்னப்பா வச்சிருக்க?" என்றார் அமீருன்னிசா.

இறக்கிப் பிரித்துக் காட்டினான். எதற்காகக் கல், எத்தனை கிராம், யார் சொன்னது என்று நடந்ததையெல்லாம் சொன்னான். அம்மா கல்லைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அப்ப மத்தியானமே தேக்சா அடுப்புல ஏறிருச்சு, நீ அதுக்காகக் கல்லுப் பொறுக்கிக்கிட்டு நின்ன" என்று மட்டும் சொன்னார்.

பந்தியிலிருந்து மயில்சாமியின் குரல் வந்தது. "யாரு அங்க? இன்னும் கொஞ்சம் போல வைங்கப்பா. அடிச் சோறா இருந்தாலும் பரவாயில்ல."

அமீருன்னிசா தன் வாழ்நாளில் ஆண்கள் பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தவரில்லை. அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சாக்கிலிருந்து பெரிய கல்லாக ஒன்றை எடுத்து, நேராக நடந்து போனார். இயக்குநரின் தட்டில், மிச்சமிருந்த எலும்புகளுக்கு நடுவே அதை வைத்தார்.

"எம்மவன் மலையிலேர்ந்து உங்களுக்காகச் சொமந்துட்டு வந்தது. நல்லாச் சாப்பிடுங்க."

மயில்சாமி கல்லைப் பார்த்தார். பிறகு, பழக்க தோஷம், அதைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"ஒன்றரைக் கிலோ இருக்கும்" என்றார்.

"இன்னும் இருக்கு சார்" என்று ஹபீப் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தான்.